லைவ் ஸ்டாட்ஸ் பார்த்து பெட் கட்டச் சொல்லும் டெலிகிராம் குழுக்கள்: என் 86,000 ரூபாய் போன விதம்

போன வாரம் அக்கா மகன் தன் போனைக் காட்டினான். யாரோ அவனை ஒரு டெலிகிராம் குழுவில் சேர்த்திருக்கிறார்கள். "மாமா, இது லக் இல்ல, டேட்டா. மேட்ச் ஓடும்போதே நம்பரைப் பாத்துதான் போடச் சொல்றாங்க" என்றான். கல்லூரியில் முதல் வருடம் படிக்கிற பையன். இதே வார்த்தைகளை 2022 நவம்பரில் நானும் நம்பினேன். அவன் போனைக் காட்டிய அன்றிரவு தூக்கமே வரவில்லை. வீட்டில்கூட முழுசாகச் சொல்லாததை இங்கே எழுதுகிறேன்.

கத்தார் கால்பந்து உலகக் கோப்பைக்குச் சில வாரம் முன்பு, கூட வேலை பார்க்கும் நண்பர் மூலம் ஒரு குழுவுக்குப் போனேன். அட்மின் தினமும் ஐரோப்பிய ஆட்டங்களின் ஸ்கிரீன்ஷாட் போடுவார். பந்து எந்த அணியிடம் எத்தனை சதவீதம், எத்தனை ஷாட், எத்தனை கார்னர், எத்தனை 'ஆபத்தான தாக்குதல்'. "அடுத்த கோல் இவங்களுக்குத்தான்" என்பார். பல நேரம் கோலும் விழும். விழாத ஆட்டங்களின் பதிவுகளை மறுநாள் அழித்துவிடுகிறார் என்பதை நான் கவனித்ததே ரொம்பப் பின்னால்தான்.

விஐபி குழுவுக்கு 3,000 ரூபாய். அவர் கொடுக்கும் லிங்க் வழியாகத்தான் பெட்டிங் சைட்டில் கணக்கு தொடங்க வேண்டும், அதில் கண்டிப்பு. டெபாசிட் போட ஒவ்வொரு முறையும் புது யுபிஐ ஐடி வரும். ஒரு நாள் ஏதோ மளிகைக் கடை பெயர், மறுநாள் முன்பின் தெரியாத ஒரு பெண்ணின் பெயர். அங்கேயே நான் நின்றிருக்க வேண்டும்.

நவம்பர் 22, மதியம் மூன்றரை. அர்ஜென்டினா - சவுதி அரேபியா. 36 ஆட்டமாகத் தோற்காத அணி, பத்தாவது நிமிஷமே மெஸ்ஸியின் பெனால்டி. முதல் பாதியில் இன்னும் மூன்று முறை பந்து வலைக்குள் போனது, மூன்றும் ஆஃப்சைடு என்று செல்லாமல் போயின. இடைவேளையில் அட்மின் எழுதினார்: "நம்பர் பொய் சொல்லாது. இன்னும் ரெண்டு கோல் உறுதி." 20,000 கட்டினேன். 48-ஆம் நிமிஷம் சவுதி ஒரு கோல், 53-இல் இன்னொன்று. அர்ஜென்டினாவின் ஆட்ஸ், அதாவது கட்டிய ஒரு ரூபாய்க்கு ஜெயித்தால் எவ்வளவு கிடைக்கும் என்ற கணக்கு, ஏறியது. "ஸ்டாட்ஸ் எல்லாம் நம்ம பக்கம், இந்த ரேட் இனி கிடைக்காது" என்று உடனே மெசேஜ். இன்னும் 25,000. பாப்பாவின் ஸ்கூல் ஃபீஸுக்காக எடுத்து வைத்திருந்த சீட்டுப் பணம் அது.

ஆட்டம் 2-1 என்று முடிந்தது. சுமார் 70 சதவீத நேரம் பந்து அர்ஜென்டினாவிடம்தான் இருந்தது. சவுதி இலக்குக்கு அடித்தது இரண்டே ஷாட், இரண்டும் கோல். சவுதியின் தடுப்பாட்டக்காரர்கள் மைதானத்தின் நடுப்பகுதி வரை ஏறி நின்று அர்ஜென்டினாவைத் திரும்பத் திரும்ப ஆஃப்சைடில் சிக்க வைத்தது என் கண் முன்னாலேயே நடந்தது. சின்ன வயசிலிருந்து கால்பந்து பார்க்கிறவன் நான். ஆட்டத்தைப் பார்க்காமல் அட்டவணையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பெட்டை அழுத்தியதும் திரையில் ஒரு சின்ன வட்டம் சுற்றும். ஆறு, ஏழு செகண்ட். அந்த நேரத்தில் எனக்குச் சாதகமாக ஏதாவது நடந்தால் "ஆட்ஸ் மாறிவிட்டது" என்று திருப்பி அனுப்பிவிடும். பாதகமாக நடந்தால் பெட் ஏறிவிடும். அந்த சைட்டில் எனக்குத் தவறாமல் இப்படித்தான் ஆனது. அது போக, மைதானத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு தாக்குதலையும் பதிவு செய்ய டேட்டா கம்பெனிகளின் ஆட்கள் இருக்கிறார்கள். அந்தத் தகவலை வைத்து ஆட்ஸ் மாறிய பிறகுதான் நம் போனில் படமே வருகிறது. நாம் பார்க்கும் கார்னரின் தாக்கம் ஆட்ஸில் ஏற்கெனவே சேர்ந்திருக்கும். 'ஆபத்தான தாக்குதல்' என்ற கணக்கும் ஆளுக்கு ஆள் மாறும். ஒரே ஆட்டத்துக்கு இரண்டு ஆப்பில் இரண்டு விதமான எண் பார்த்திருக்கிறேன்.

இதெல்லாம் கூட விளையாட்டில் சகஜம் என்று விட்டிருப்பேன். டிசம்பர் 2 காலையில் டீக்கடையில் நடந்ததுதான் என் கண்ணைத் திறந்தது. முந்தின நள்ளிரவு ஸ்பெயினை ஜப்பான் 2-1 என்று வென்றிருந்தது, வெறும் 18 சதவீதம் பந்தை வைத்துக்கொண்டு. இடைவேளையில் எங்கள் குழுவுக்கு வந்த டிப் "ஸ்பெயின் ஜெயிக்கும்". எனக்கு அதிலும் பணம் போனது. நண்பர் அதே அட்மினின் வேறொரு குழுவில் இருந்தார். அவருக்கு வந்தது "அடுத்த கோல் ஜப்பான்". இரண்டு போனையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். இரண்டிலும் ஒரே ஸ்கிரீன்ஷாட், அதே நிமிஷம். எங்கள் டீ ஆறிப்போனது. ஒரு பாதிக் கூட்டம் ஜெயித்து ஊரெல்லாம் சொல்லும், மறு பாதி தோற்றுவிட்டு வாயை மூடிக்கொள்ளும்.

அட்மின் கொடுத்த லிங்கின் கடைசியில் ஒரு குறியீடு இருந்தது. அந்த சைட்டின் 'பார்ட்னர்' பக்கத்தைத் தேடிப் படித்தேன். அந்தக் குறியீடு வழியாக வந்தவர்கள் இழக்கும் பணத்தில் சேர்த்துவிட்டவருக்கு ஒரு பங்கு. நான் தோற்றால்தான் அவருக்கு வருமானம். 3,000 ரூபாய் வாங்கிக்கொண்டு எனக்கு எண் காட்டியவர், என் தோல்வியிலும் பங்கு வாங்கிக்கொண்டிருந்தார்.

கணக்கில் மிச்சம் 18,000 இருந்தது. எடுக்கப் போனால், "30 சதவீத வரியை முதலில் அனுப்புங்கள்" என்றார்கள். ஜெயித்த பணத்துக்கு வரி என்றால் கொடுக்கும் தொகையில் பிடிப்பார்கள், தனியாக யுபிஐயில் அனுப்பச் சொல்லமாட்டார்கள். நான் அனுப்பவில்லை. மறுநாள் கணக்கையே மூடிவிட்டார்கள், அட்மின் என்னைக் குழுவிலிருந்து தூக்கிவிட்டார்.

தமிழ்நாட்டில் ஆன்லைன் சூதாட்டத்துக்குத் தனித் தடைச் சட்டம் இருக்கிறது. 2025 ஆகஸ்டில் நாடு முழுவதும் பணம் கட்டி ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளையும் தடை செய்தார்கள். குழுக்கள் பெயரை மாற்றிக்கொண்டு ஓடிக்கொண்டேதான் இருக்கின்றன. வெட்கப்பட்டு நான் யாரிடமும் சொல்லாமல் இருந்த அந்த இரண்டு மாதத்தில் என் பணம் கைமாறிப் போய்விட்டது. உங்களுக்கோ வீட்டுப் பிள்ளைகளுக்கோ இப்படி நடந்திருந்தால் அன்றைக்கே சைபர் குற்ற உதவி எண் 1930-க்கு போன் செய்யுங்கள். யுபிஐ பரிவர்த்தனை எண்களையும், அழிப்பதற்கு முன் குழுவின் ஸ்கிரீன்ஷாட்களையும் எடுத்து வையுங்கள். சீக்கிரம் சொன்னால் எதிர்க் கணக்கில் பணத்தை நிறுத்தி வைக்க வாய்ப்பு இருக்கிறது.