குட்டி நிலவைப் பிடிக்க ரேடாரா, ஒளி வளைவா?

பூமிக்குப் பக்கமாக வந்துபோகும் சிறுகோள்களில் 200 மீட்டருக்கு மேற்பட்டவற்றை எடுத்தால், ஏறத்தாழ ஆறில் ஒன்றுக்குக் குட்டி நிலவு உண்டு. அதைக் கண்டுபிடிக்க ஒரு வழி கலிஃபோர்னியாவில் கோல்ட்ஸ்டோனின் 70 மீட்டர் ரேடார். இன்னொன்று, ராயபுரத்து மொட்டை மாடியிலும் வைக்கக்கூடிய 8 அங்குலத் தொலைநோக்கியால் எடுக்கும் ஒளி வளைவு, அதாவது கல்லின் ஒளி நேரத்தோடு கூடிக் குறைவதைக் காட்டும் வரைகோடு.

நிலவை ஒரே இரவில் காட்டிவிடுவது ரேடார்தான். 60 லட்சம் கி.மீ. தள்ளியிருக்கும் கல்லிலிருந்து எதிரொலி வர 40 விநாடி ஆகும். கிட்டத்தட்ட அவ்வளவு நேரம் அனுப்பிவிட்டுக் கேட்கத் தொடங்க வேண்டும். டிடிமோஸ் என்ற சிறுகோளை எடுத்துக்கொள்வோம்: 780 மீட்டர், 2.26 மணி நேரத்துக்கு ஒரு சுழற்சி. சுழலும்போது ஒரு ஓரம் நம்மை நோக்கியும் மறு ஓரம் விலகியும் நகர்வதால், 12.6 செ.மீ. ரேடார் அலையில் அதன் எதிரொலியின் அதிர்வெண் 9.5 ஹெர்ட்ஸ் வரை பரவும். அதன் 160 மீட்டர் நிலவு டைமார்ஃபோஸ் தன்னைத்தானே சுழலவும் டிடிமோஸைச் சுற்றிவரவும் 11 மணி 55 நிமிடம் எடுத்துக்கொண்டதால், அதன் எதிரொலி 0.4 ஹெர்ட்ஸுக்குள் அடங்கியது. அகன்ற மேட்டின் மேல் ஊசி நட்டது போல! இதே காரணத்தால் ரேடார் படத்தில் நிலவு மெல்லிய கீற்றாக விழும். அதுதான் அதன் வடிவம் என்று நம்பிவிடக் கூடாது.

குறை, தொலைவு. இரண்டு மடங்கு தள்ளிப் போனால் எதிரொலி பதினாறில் ஒன்றாகிவிடும். புவேர்ட்டோ ரிக்கோவில் இருந்த 305 மீட்டர் ரேடார் தொலைநோக்கி அரெசிபோ 2020 டிசம்பர் 1-இல் இடிந்து விழுந்தது பெரிய இழப்பு.

மாடியில் சிக்கல் வேறு. டைமார்ஃபோஸ் டிடிமோஸுக்குப் பின்னால் முழுதாக மறைந்தாலும் குறையும் ஒளி வெறும் 4 சதவீதம். அதனால் அளவீட்டுப் பிழை 1 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. 30 முதல் 60 விநாடிப் படங்கள், அதே படச்சட்டத்தில் ஐந்து ஒப்பீட்டு விண்மீன்கள். டிடிமோஸ் இந்த மாடிக்கு மங்கல். ஒளிப்பொலிவு எண் (கூடக்கூட மங்கல்) 13-ஐத் தாண்டிய கல்லைத் துரத்த வேண்டாம். தொடுவானிலிருந்து 30 பாகைக்குக் கீழே துறைமுக விளக்குகளும் எண்ணூர்ப் புகையும் கெடுக்கும். நள்ளிரவுக்குப் பின் முன்கண்ணாடியில் பனி படியும். ஒப்பீட்டு விண்மீன்களும் சேர்ந்து மங்குவதால் கோடு நேராகத்தான் தெரியும். ஆனால் கூடிய இரைச்சல் அந்த 4 சதவீதத்தை விழுங்கிவிடும். பனி வருவதற்கு முன்பே சூடேற்றும் பட்டையைச் சுற்றுங்கள். காசிமேட்டுக் காற்றில் உப்பு உண்டு. துணியால் துடைத்தால் கண்ணாடி கீறும்.

நிலவின் அளவுக்கும், தாய்க்கல்லிலிருந்து அதன் தொலைவுக்கும், அந்தத் தொலைவோடு சுற்றும் காலத்தையும் சேர்த்துக் கணக்கிடும் எடைக்கும் ரேடாரை நம்பலாம். சுற்றும் காலத்தை மாதக்கணக்கில் தொடர்ந்து நுணுக்கமாகச் சொல்வது ஒளி வளைவு. அதற்கும் ஒரே ஊர் போதாது: 11 மணி 55 நிமிடம் இரண்டு தடவை சேர்ந்தால் 23 மணி 50 நிமிடம். மறைப்பு இரவுக்கு 10 நிமிடம்தான் முன்னே நகரும். சென்னையிலிருந்து பார்த்தால் வாரக்கணக்கில் சுற்றின் அதே பகுதிதான் கிடைத்திருக்கும். 2022 செப்டம்பர் 26-இல் நாசாவின் டார்ட் விண்கலம் டைமார்ஃபோஸ் மீது மோதியதில் சுற்று 33 நிமிடம் குறைந்தது. இப்போது மறைப்பு இரவுக்கு ஏறத்தாழ ஒன்றேகால் மணி நேரம் நகர்கிறது.