பால் கணக்கும் நடைக் கணக்கும்: செயலியா, துணையா, காலண்டரா?

எங்கள் வீட்டு அடுக்களைச் சுவரில் மளிகைக் கடைக்காரர் கொடுத்த மாதக் காலண்டர் ஒன்று தொங்குகிறது. அதன் கட்டங்களில் அம்மா பென்சிலால் பால் கணக்கு எழுதுவார். வழக்கமான நாளில் இரண்டு பாக்கெட், விருந்தாளி வந்தால் மூன்று, வீட்டைப் பூட்டிக்கொண்டு ஊருக்குப் போனால் பூஜ்ஜியம். அதே கட்டங்களின் ஓரத்தில், பதினோரு மாதங்களாக, சிவப்புப் பேனாவில் என் நடைக் கணக்கும் ஓடுகிறது. இங்கே வந்து சேர்வதற்கு முன் ஒரு டைரியையும் ஒரு கைப்பேசிச் செயலியையும் ஒரு நல்ல மனிதரையும் கடந்து வந்தேன்.

தொடக்கம் ஒரு ரத்தப் பரிசோதனை. மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை 6.1 என்று வந்தது. 5.7 முதல் 6.4 வரை சர்க்கரை நோய்க்கு எல்லைக்கோடு. மருத்துவர் மாத்திரை எழுதவில்லை, நடக்கச் சொன்னார்.

டைரியைப் பற்றிப் பேச அதிகம் இல்லை. அலுவலகத்தில் புத்தாண்டுக்குக் கொடுத்தது, ஜனவரி 19 வரை நிரம்பியது. மேசை இழுப்பறைக்குள் கிடக்கும் குறிக்கோளை யாரும் தேடிப் போய்ப் பார்ப்பதில்லை. உடற்பயிற்சிக் கூடத்துக்கு ஓராண்டுப் பணத்தை முன்கூட்டியே கட்டிவிடும் வழியும் உண்டு. நான் முயன்றதில்லை என்பதால் அதை விட்டுவிடுகிறேன்.

செயலிக்கு வருவோம். அதன் நல்ல பக்கங்கள் எல்லோருக்கும் தெரிந்தவை: காசில்லை, தானே எண்ணுகிறது, நேரத்துக்கு மணியடிக்கிறது. தினம் பத்தாயிரம் அடி என்ற இலக்கையும் அதுவே வைத்துக் கொடுத்தது. அந்தப் பத்தாயிரத்தின் கதை வேடிக்கையானது. 1965இல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த அடி எண்ணும் கருவி ஒன்றின் பெயர் ‘மான்போ-கே’, அதாவது பத்தாயிரம் அடி மானி. வைத்தியத்திலிருந்து பிறந்த எண் அல்ல அது, வியாபாரத்திலிருந்து பிறந்தது. யாரோ பெட்டியில் அச்சடித்த எண்ணை நான் என் குறிக்கோள் என்று நம்பிக்கொண்டிருந்தேன்.

ஆனால் நான் செயலியைக் கைவிட்டது அதனால் அல்ல. 47 நாள் இடைவிடாமல் நடந்திருந்தேன். திரையில் ஒரு சிறு தீச்சுடர் படம், பக்கத்தில் 47 என்ற எண். அந்த எண் ஏறுவதைப் பார்ப்பதற்காகவே இரவு பதினோரு மணிக்கு மொட்டை மாடியில் சுற்றிச் சுற்றி வந்த நாள்கூட உண்டு. 48ஆம் நாள் பெரியப்பா தவறிவிட்டார் என்று செய்தி வந்து ஊருக்குக் கிளம்பினோம். துக்க வீட்டில் யார் அடி எண்ணிக்கொண்டிருப்பார்கள்? மூன்றாம் நாள் திரும்பி வந்து திறந்தால் தீச்சுடர் அணைந்து எண் பூஜ்ஜியமாகியிருந்தது. 47 நாள் நடந்தவனும் நேற்றுப் பிறந்தவனும் அதற்கு ஒன்றுதான். அதன்பின் மூன்று வாரம் அந்தச் செயலியை நான் தொடவே இல்லை.

அடுத்து துணை. பக்கத்து வீட்டில் ஓய்வுபெற்ற சார் ஒருவர் இருக்கிறார். காலை ஆறு மணிக்கு ரேஸ் கோர்ஸில் அவர் வந்து நிற்பார் என்ற எண்ணமே என்னைப் படுக்கையிலிருந்து எழுப்பிவிடும். ஒரு பெரியவரைக் காக்க வைக்கிற கூச்சத்துக்கு முன்னால் எந்த அலாரமும் நிற்க முடியாது. என்ன, நடை எப்போதும் காபிக் கடையில் முடியும். காபியோடு உளுந்து வடையும் வரும். நான்கு மாதம் கழித்துப் பேரன் பிறந்து சார் பெங்களூருக்குப் போனார். என் நடையும் அவரோடு ரயில் ஏறிவிட்டது. ஒருவரை மட்டும் நம்பியதால் இப்படி ஆகியிருக்கலாம். ஏழெட்டுப் பேராகச் சேர்ந்து நடப்பவர்களுக்கு இந்தச் சிக்கல் இருக்காது என்றே தோன்றுகிறது. என் அனுபவம் நான்கே மாதம். துணையை முழுதாகக் குறை சொல்ல அது போதாது.

இனி காலண்டர். ஒரு நாள் அம்மா மாதக் கடைசியில் பால் கணக்கைக் கூட்டிக்கொண்டிருந்ததைப் பார்த்தேன். நடுவில் நான்கு பூஜ்ஜியம். அவர் பதறவில்லை, ‘போயிற்றே’ என்று ஒன்றிலிருந்து தொடங்கவும் இல்லை. பூஜ்ஜியத்தைத் தாண்டி அடுத்த கட்டத்தின் இரண்டைக் கூட்டிக்கொண்டு போனார். எனக்கு வேண்டியது இதுதான் என்று பட்டது.

குறிக்கோளையும் பால் கணக்கு மாதிரியே மாற்றி எழுதினேன். தினமும் என்பதை எடுத்துவிட்டு, மாதம் 20 நாள், நாளுக்கு 40 நிமிடம் என்று வைத்தேன். உலக சுகாதார நிறுவனம் வயதுவந்தவர்களுக்குச் சொல்வது வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிடம். 20 நாள் என்றால் 800 நிமிடம். 17 நாளாகக் குறைந்தாலும் சராசரியில் அந்த அளவு தேறிவிடும். எப்படியும் நாள் தவறும், அதற்கு முன்கூட்டியே இடம் விட்டாயிற்று.

நடந்த நாளில் ஒரு கோடு. நடக்காத நாளைக் காலியாக விடுவதில்லை, காரணத்தின் முதல் எழுத்தைப் போடுவேன். மழைக்கு ‘ம’, ஊருக்கு ‘ஊ’, உடம்பு சரியில்லை என்றால் ‘உ’, சோம்பலுக்கு ‘சோ’. முதல் வாரமே அம்மா உற்றுப் பார்த்துவிட்டு, “என்னப்பா இது சோ? சோறா?” என்று கேட்டார். கிட்டத்தட்ட சரிதான் என்பது பிறகுதான் தெரிந்தது.

ஜூனில் 19 வந்தது. ஜூலையில் 14தான். இரண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது ‘சோ’ எல்லாம் ஒரே வரிசையில் செங்குத்தாக இறங்கியிருந்தன. ஒன்பது திங்கட்கிழமைகளில் நடந்தது ஒன்றே ஒன்று. ஞாயிறு மதியம் பிரியாணி, அதன்மேல் இரண்டு மணி நேரத் தூக்கம், அதனால் இரவு ஒரு மணி வரை விழிப்பு, அப்புறம் திங்கள் காலை ஐந்தரைக்கு எங்கே எழுவது? பிரியாணியை விடுகிற அளவுக்கு எனக்கு வைராக்கியம் இல்லை. திங்கட்கிழமையை வார விடுமுறையாக அறிவித்துவிட்டு ஞாயிறு காலையில் நடந்தேன். ஆகஸ்டில் 22 வந்தது. செயலி சொன்னது நான் தவறினேன் என்பதை மட்டும். எங்கே, எதனால் தவறினேன் என்று காட்டியது இந்த இலவசக் காலண்டர்தான்.

நாள் தவறுவதைப் பற்றி ஆராய்ந்தும் பார்த்திருக்கிறார்கள். லண்டன் யூனிவர்சிட்டி காலேஜில் பிலிப்பா லாலி குழுவினர் 96 பேரைப் பன்னிரண்டு வாரம் கவனித்தார்கள். ஒரு செயல் பழக்கமாக ஆளுக்கு ஆள் 18 முதல் 254 நாள் வரை ஆகும், நடுவாக 66 நாள் என்று அந்தப் போக்கை வைத்துக் கணக்கிட்டார்கள். 21 நாளில் பழக்கம் வந்துவிடும் என்கிற பேச்சுக்கு அது ஒரு பதில். எனக்கு அதைவிடப் பிடித்தது இன்னொன்று: இடையில் ஒரு நாள் விட்டுப்போனது பழக்கம் உருவாவதைப் பெரிதாகப் பாதிக்கவில்லை. அப்படியிருக்க, ஒரு நாளுக்காக 47 நாளை அழிக்கும் கணக்கை யார் கேட்டார்கள்?

காலண்டருக்கும் குறை உண்டு. வெளியூர் போனால் நினைவிலிருந்துதான் எழுத வேண்டும். பொய்க்கோடு போட்டால் கேட்பாரில்லை. நான் இரண்டு முறை போட்டிருக்கிறேன். ஜூலைத் தாள் இப்போது அரிசி டப்பாவுக்கு அடியில் விரிப்பாகக் கிடக்கிறது. எத்தனை கிலோமீட்டர், எவ்வளவு வேகம் என்று தெரிய வேண்டியவர்களுக்கு, மாரத்தானுக்குத் தயாராகிறவர்களுக்கு, செயலிதான் சரி. தேர்வுக்குப் படிப்பதற்கோ கடன் அடைப்பதற்கோ இந்த முறை எடுபடுமா என்று நான் பார்த்ததில்லை. சர்க்கரை இப்போது 5.8. அது நடையாலா, இரவில் சோற்றைக் குறைத்ததாலா என்று பிரித்துச் சொல்ல என்னால் முடியாது.

காலண்டர் வாங்குகிறவர்களுக்கு ஒரே ஒரு குறிப்பு. கட்டம் பெரிதாக இருக்க வேண்டும். நல்ல நேரம், ராகு காலம், எமகண்டம், திதி, நட்சத்திரம் எல்லாம் நெருக்கி அச்சடித்த காலண்டரில் பால் கணக்குக்கே இடமிருக்காது. அடுத்த வருடத்துக்குப் பெரிய கட்டமாக ஒன்று எடுத்து வைக்கும்படி மளிகைக் கடையில் இப்போதே சொல்லி வைத்திருக்கிறேன்.