விடுமுறை நாள் வேலைக்கு இரட்டைச் சம்பளமா, மாற்று விடுப்பா?

தீபாவளி விற்பனை சூடுபிடிக்கும் நேரத்தில் காந்தி ஜெயந்தி வந்துவிடுவதால், வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டுத் துணிக்கடைகளில் வேலை செய்யும் பலருக்கு அக்டோபர் 2 காலண்டரில் மட்டுமே விடுமுறை. பெரம்பூர் பக்கத்துப் பெரிய சூப்பர் மார்க்கெட்டுகளில் சுதந்திர தினமும் குடியரசு தினமும் சலுகை விற்பனை நாட்கள். பில் போடும் இடத்தில் வரிசை நீளுவது அன்றுதான். இரண்டு வகைக் கடைகளிலும் வேலை பார்த்தவள் நான். விடுமுறை நாளில் உழைத்ததற்கு ஈடாக எதைக் கேட்டு வாங்குவது என்ற கேள்வியில் இரட்டைச் சம்பளத்தின் பக்கம் நிற்கிறேன்.

சட்டம் என்ன சொல்கிறது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். தேசிய, பண்டிகை விடுமுறைகளுக்கென 1958-இல் வந்த தமிழ்நாட்டுச் சட்டம் கடைகளுக்கும் பொருந்தும். ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 ஆகிய நான்கு நாட்களும், அவற்றுடன் ஐந்து பண்டிகை நாட்களும் சம்பளத்துடன் கூடிய விடுமுறை. அன்று வேலைக்கு வரச் சொல்ல வேண்டுமானால் 24 மணி நேரத்துக்கு முன்பே எழுத்தில் தெரிவிக்க வேண்டும். வந்து வேலை செய்தவருக்கு அந்த நாளுக்கு இரண்டு மடங்கு சம்பளம், அல்லது வழக்கமான சம்பளத்தோடு வேறொரு நாளில் சம்பளத்துடன் விடுப்பு. இரண்டில் எது என்பதைத் தேர்ந்தெடுக்கும் உரிமை ஊழியருடையது. கடைகளில் இந்தக் கடைசி வாக்கியம்தான் யார் காதிலும் விழாமல் போகிறது. மேனேஜரே முடிவு செய்து, "உனக்கு காம்ப் ஆஃப் போட்டாச்சும்மா" என்று சொல்லிவிடுவார். மாற்று விடுப்பைத்தான் கடைகளில் காம்ப் ஆஃப் என்பார்கள்.

மூன்றாவதாக ஒரு வழக்கமும் உண்டு. மதியம் பிரியாணிப் பொட்டலம், கையில் கொஞ்சம் பேட்டா, தீபாவளிக்கு ஒரு புடவை. கொடுப்பவரின் நல்ல மனதை நான் குறை சொல்லவில்லை. ஆனால் இவற்றைச் சம்பளத்துக்கு ஈடாக ஏற்கக் கூடாது.

இரட்டைச் சம்பளத்தில் கவனிக்க வேண்டியது கணக்கு மட்டுமே. மாதச் சம்பளக்காரருக்கு அந்த நாளின் கூலி ஏற்கெனவே சம்பளத்தில் சேர்ந்திருப்பதால், "டபுள்" என்றால் கைக்குக் கூடுதலாக வருவது ஒரு நாள் சம்பளம். மாதம் 15,000 ரூபாய் வாங்குகிறவருக்கு 30-ஆல் வகுத்தால் 500 ரூபாய். வார விடுமுறைகளைக் கழித்து 26-ஆல் வகுத்தால் ஏறக்குறைய 577 ரூபாய். கடை எதனால் வகுக்கிறது என்று கேட்டுவைத்துக்கொள்வது நல்லது. அந்தத் தொகை சம்பளச் சீட்டில் தனி வரியாக வந்துவிட்டால் விவகாரம் அத்தோடு முடிந்தது.

மாற்று விடுப்பு அப்படி முடிவதில்லை. என் தேர்வைத் தீர்மானித்தது இதுதான்: அந்த விடுப்பு எந்தத் தேதியில் வரும், அதை யார் சொல்கிறார்கள்? அக்டோபர் 2-க்கான விடுப்பைத் தீபாவளி முடியும்வரை யாரும் கேட்க முடியாது. முடிந்ததும் சரக்குக் கணக்கெடுப்பு, அதன் பிறகு கிறிஸ்துமஸ், பொங்கல் விற்பனை. நடுவில் ஒரு நாள் கிடைத்தாலும் அது கூட்டம் குறைந்த செவ்வாயாகவோ புதனாகவோ இருக்கும். பிள்ளைகள் பள்ளியிலும் கணவர் துறைமுகத்து ஷிஃப்டிலும் இருப்பார்கள். பண்டிகை நாளில் வீடே கூடியிருக்கும்போது இழந்த பொழுதை அந்தச் செவ்வாய்க்கிழமை ஈடுகட்டாது. அதற்காக இரட்டைச் சம்பளம் ஈடுகட்டிவிடுகிறதா என்றால், அதுவும் இல்லை. ஆனால் அது தேதி குறிப்பிடப்படாத வாக்குறுதியாக மாதக்கணக்கில் தொங்குவதில்லை. மேனேஜர் மாறினாலும், இடையில் நாமே வேலையை விட்டாலும், வாங்கிய பணம் வாங்கியதுதான். சேர்த்துவைத்த மாற்று விடுப்பை, வேலையை விட்டு நிற்கும் நாளில் கேட்டு வாங்குவது எவ்வளவு கடினம் என்பதை உடன் வேலை செய்தவர்கள் படக் கண்டிருக்கிறேன். வாயால் சொல்லப்பட்ட விடுப்புக்கு எந்தப் பதிவேட்டிலும் தடயம் இருக்காது.

இன்னொரு சிக்கல், விடுப்புகள் ஒன்றோடொன்று கலந்துவிடுவது. 1947-ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடைகள், நிறுவனங்கள் சட்டம் வார விடுமுறையைத் தவிர ஆண்டுக்கு 12 நாள் தற்செயல் விடுப்பையும் 12 நாள் நோய் விடுப்பையும் தருகிறது. உறவில் ஒரு காரியம், பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் எடுக்க வேண்டியது அந்த விடுப்பை. நான் முன்பு வேலை பார்த்த ஒரு கடையில், அப்படி எடுத்த நாளையே "உன் காம்ப் ஆஃப் கழிந்தது" என்று எழுதிக்கொள்வார்கள். ஊழியருக்குச் சேர வேண்டியவை இரண்டு நாட்கள், கிடைத்தது ஒன்று. இரட்டைச் சம்பளத்தில் இந்தக் குழப்பத்துக்கே இடமில்லை.

தேர்தல் நாளை இந்தக் கணக்கில் சேர்க்கக் கூடாது. மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 135பி பிரிவின்படி வாக்காளரான ஊழியருக்கு அது சம்பளத்துடன் விடுமுறை. 2024 ஏப்ரல் 19 அன்று கிடைத்ததைப் போல அது அன்றைக்கே கிடைக்க வேண்டியது.

மாற்று விடுப்பு மேலானதாக இருக்கக்கூடிய ஒரு நிலையையும் சொல்ல வேண்டும். திருநெல்வேலி, தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து வந்து கடை விடுதியில் தங்கி வேலை செய்யும் பெண்களுக்கு, இரண்டு மூன்று நாட்களை வார விடுமுறையோடு சேர்த்து எடுத்தால்தான் ஊருக்குப் போய் அம்மாவைப் பார்த்து வர முடியும். அவர்களுக்கு 577 ரூபாயைவிட அந்த ஒரு நாள் பெரியது. நான் ராயபுரத்தில் வீட்டிலிருந்து வேலைக்குப் போய் வருகிறவள், விடுதியில் தங்கியதில்லை. ஆகையால் அவர்கள் சார்பில் தீர்ப்புச் சொல்ல எனக்குத் தகுதி இல்லை. மால்களுக்குள் இருக்கும் பிராண்டு கடைகளிலும் நான் வேலை பார்த்ததில்லை.

விடுப்பைத் தேர்ந்தெடுப்பவர்கள் விடுமுறை நாள் வேலைக்கான அறிவிப்பைக் கையில் வாங்கும்போதே மாற்று நாளின் தேதியையும் அதில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்; முடிந்தால் கைப்பேசியில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். தேதி எழுத மாட்டேன் என்று கடை சொன்னால், அங்கேயே இரட்டைச் சம்பளம் வேண்டும் என்று கேட்டுவிடலாம்.