ஒரே கிளிக்கா, உறுதி மெயிலா?

செய்திமடலுக்கு ஆள் சேர்க்க இரண்டு வழி. மெயில் முகவரியைத் தட்டியதும் பட்டியலில் ஏற்றிவிடுவது ஒன்று. முதலில் ஒரு மெயில் அனுப்பி, அதிலுள்ள இணைப்பை அவர் அழுத்திய பிறகே சேர்ப்பது இன்னொன்று.

முதல் வழியில் பட்டியல் மளமளவென்று வளரும். ஆனால் தப்பாகத் தட்டிய முகவரி, கூப்பனுக்காகக் கொடுத்த அடுத்தவர் முகவரி, பாட் (தானாகப் படிவம் நிரப்பும் நிரல்) நிரப்பிய குப்பை எல்லாம் உள்ளே வந்துவிடும். கேட்காத மெயில் வந்தவர் ஸ்பேம் பொத்தானைத்தான் அழுத்துவார். ஜிமெயில் முகவரிகளுக்கு நாளொன்றுக்கு 5,000 மெயிலுக்கு மேல் அனுப்புவோருக்கு 2024 பிப்ரவரியில் கூகுள் விதிகளை இறுக்கியது. ஸ்பேம் புகார் 0.3 சதவீதத்தைத் தொடக்கூடாது, அதாவது ஆயிரத்துக்கு மூன்று. மீறினால் ஆசையாய்ச் சேர்ந்தவருக்குப் போகும் மெயிலும் ஸ்பேமில் விழலாம்.

இரண்டாவதிலும் இழப்பு உண்டு. உறுதி மெயிலைத் திறக்காமலே விடுகிறவர்கள் இருக்கிறார்கள். படிவம் முடிந்த கையோடு “இன்பாக்ஸைப் பாருங்கள்” என்று சொன்னால் கொஞ்சம் குறையும். சம்மதத்துக்கு ஆதாரமும் கிடைக்கிறது; ஜெர்மனியில் இதுவே வழக்கமானதற்கு அதுதான் காரணம்.

ஆர்டர் ரசீது அனுப்ப இந்தச் சடங்கெல்லாம் வேண்டாம். கூப்பன், பரிசுப் போட்டி என்று காட்டி ஆள் பிடித்தால், என் ஓட்டு இரண்டாவதற்குத்தான்.