இனிப்பு டிப்புக்கு எது சரி: கொண்டைக்கடலையா, கடலைப்பருப்பா, பாசிப்பருப்பா?

ஆப்பிள் துண்டுக்கும் பிஸ்கட்டுக்கும் தொட்டுக்கொள்ள, பயறு வகையில் சாக்லேட் டிப் செய்யலாம். கொண்டைக்கடலையை எள் விழுதோடு அரைத்துச் செய்யும் அரபு நாட்டு டிப்பான ஹம்முஸிலிருந்து பூண்டையும் எலுமிச்சையையும் எடுத்துவிட்டு, கோகோவும் பேரீச்சையும் சேர்த்தால் வருவதுதான் இது. கிடைக்கிற செய்முறைகளில் பெரும்பாலானவை டின்னில் வரும் வெள்ளைக் கொண்டைக்கடலையை வைத்து எழுதப்பட்டவை. நம் சமையலறையில் அதைவிடக் கடலைப்பருப்பு நன்றாக வருகிறது என்பது என் முடிவு. எங்கள் வீட்டில் நிலைத்ததும் அதுதான்.

சத்துக் கணக்கில் இவற்றுக்குள் பெரிய வித்தியாசம் இல்லை. வேகவைத்த கொண்டைக்கடலை 100 கிராமில் சுமார் 9 கிராம் புரதம், 7 கிராமுக்கு மேல் நார்ச்சத்து இருக்கும். பருப்புகளும் ஏறத்தாழ அந்தப் பக்கம்தான்; தோல் போனதால் நார்ச்சத்து கொஞ்சம் குறையும். விலையை வைத்தும் முடிவெடுக்க வேண்டியதில்லை. முடிவு செய்வது ஒன்றே ஒன்று: நறநறப்பு.

உப்பு ஹம்முஸில் நறநறப்பு அவ்வளவாகத் தெரியாது. எள் விழுது, பூண்டு, எலுமிச்சை எல்லாம் நாக்கை வேறு பக்கம் இழுத்துவிடும். இனிப்பில் மறைக்க எதுவும் இல்லை. சாக்லேட் நிறத்தைப் பார்த்தவுடன் வாய் க்ரீமை எதிர்பார்க்கிறது. ஒரு சின்னத் தோல் துணுக்கு பட்டாலும் "இது பருப்புதானே" என்று குழந்தைகள் தட்டை நகர்த்திவிடுவார்கள்.

வெள்ளைக் கொண்டைக்கடலையின் சிக்கல் அந்தத் தோல்தான். 8 முதல் 10 மணி நேரம் ஊறவைத்து, குக்கரில் குழைய வேகவைத்தாலும் வீட்டு மிக்ஸி அந்தத் தோலை முழுதாக அரைக்காது. ஒரு கப் கடலைக்கு அரை டீஸ்பூன் சமையல் சோடா போட்டு வேகவைத்து, தண்ணீரில் போட்டுக் கசக்கினால் தோல் மேலே மிதந்து வரும், அள்ளி எறியலாம். சோடா கூடிவிட்டால் சோப்பு வாசனை வரும், இனிப்பில் அது பளிச்சென்று தெரியும். டின் கடலையில் வேகவைக்கும் வேலை மிச்சம். ஆனால் உப்புத் தண்ணீர் போகக் கழுவ வேண்டும், தோல் அதிலும் இருக்கும். தோல் எடுக்கப் பொறுமை உள்ளவர்களுக்கு இதில் கிடைக்கும் வெண்ணெய் போன்ற பதம் அருமையானது, அதை மறுக்க முடியாது.

கறுப்புக் கொண்டைக்கடலையைத் தோல் நீக்கி உடைத்ததுதான் கடலைப்பருப்பு. அதாவது, நாம் கையால் கசக்கிச் செய்ய வேண்டிய வேலையை மில்லிலேயே முடித்துத் தருகிறார்கள். போளிப் பூரணம் செய்கிறவர்களுக்கு இந்தப் பருப்பு இனிப்போடு எப்படிச் சேரும் என்று சொல்லித் தர வேண்டியதில்லை. பூரணத்துக்கு உதிரியாக எடுப்போம். டிப்புக்கு அதைத் தாண்டிக் குழைய விட வேண்டும்.

அளவு இப்படி: அரை கப் (100 கிராம்) கடலைப்பருப்பை 2 மணி நேரம் ஊறவைத்து, புதிதாக ஒன்றரை கப் தண்ணீர் விட்டு மிதமான தீயில் 5, 6 விசில். ஒரு பருப்பை எடுத்து விரலில் நசுக்கிப் பாருங்கள். நடுவில் கடுகளவு கெட்டியாக ஏதாவது தட்டுப்பட்டால் இன்னும் இரண்டு விசில் விடுங்கள். உப்புத்தன்மை உள்ள போர் தண்ணீரில் பருப்பு வேகவே வேகாது, குடிக்கிற தண்ணீரையே ஊற்றுங்கள். வெந்ததும் வடிகட்டி, அந்தத் தண்ணீரில் கால் கப் எடுத்து வைத்துக்கொண்டு மீதியை ரசத்துக்குக் கொடுத்துவிடலாம்.

விதை நீக்கிய 10 பேரீச்சம்பழத்தை (சுமார் 80 கிராம்) வெந்நீரில் 20 நிமிடம் போட்டுவையுங்கள். 2 டேபிள்ஸ்பூன் கோகோ பவுடரைச் சூடான பருப்புத் தண்ணீரில் குழைத்தால் கட்டி தட்டாது, வாசனையும் தூக்கலாக இருக்கும். முதலில் பேரீச்சையைத் தனியாக மைய அரைத்து, பிறகு பருப்பு, கோகோ, 3 டேபிள்ஸ்பூன் பீநட் பட்டர், ஒரு சிட்டிகை உப்பு, சில துளி வெனிலா. உப்பை விட்டுவிடாதீர்கள், அது இல்லாவிட்டால் பருப்பு வாசனை முன்னால் வந்து நிற்கும். சின்ன ஜாரில் அரையுங்கள். பெரிய ஜாரில் இவ்வளவு குறைந்த அளவு பிளேடுக்கு எட்டாமல் சுவரில் ஒட்டிக்கொள்ளும். கொதிக்கக் கொதிக்க மூடி அரைத்தால் ஆவி மூடியைத் தள்ளிவிடும், முழுக்க ஆறவிட்டாலோ பருப்பு இறுகிவிடும். கை பொறுக்கும் வெதுவெதுப்பில் 2, 3 நிமிடம் விட்டு விட்டு ஓட்டுங்கள்.

பேரீச்சைக்குப் பதில் வெல்லம் போடுவதானால் பருப்பு முழுதாக வெந்த பிறகே சேருங்கள். இனிப்பு சேர்ந்துவிட்டால் பருப்பு மேற்கொண்டு மெதுப்படுவது வெகுவாகக் குறைந்துவிடும். வெல்லத்தைக் கரைத்து வடிகட்டுவதும் கட்டாயம். பலர் பருப்பின் மேல் பழிபோடும் நறநறப்பு வெல்லத்து மண்ணாகவே இருக்கும். வெல்லமும் சர்க்கரைதான், பேரீச்சையிலும் மூன்றில் இரண்டு பங்குக்குக் கிட்டத்தட்டச் சர்க்கரையே. இந்த டிப்பின் நன்மை மொத்த இனிப்பு குறைவு என்பதில் இருக்கிறது: மேலே சொன்ன அளவில் 100 கிராமுக்குச் சுமார் 13 கிராம் சர்க்கரை வரும். கடையில் வாங்கும் ஹேசல்நட் சாக்லேட் ஸ்ப்ரெட் சிலவற்றில் பாதிக்கு மேல் சர்க்கரை.

அரைத்து முடித்ததும் தோசை மாவைவிடச் சற்றே கெட்டியாக, கரண்டியிலிருந்து வழிய வேண்டும். ஃப்ரிட்ஜில் ஓர் இரவு இருந்தால் பருப்பின் மாவுச்சத்து இறுகும். இப்போதே கெட்டியாக இருந்தால் நாளைக்குக் கத்தியால்தான் வெட்ட வேண்டியிருக்கும். குளிர்ந்தால் இனிப்பும் மங்கும், அதனால் சூட்டில் ஒரு துளி தூக்கலாக இருக்கட்டும். மறுநாள் இறுகியிருந்தால் ஒரு ஸ்பூன் வெந்நீர் விட்டு அடித்தால் இளகிவிடும்.

பாசிப்பருப்பு வேகம். வாசம் வர வறுத்து, அரை கப்புக்கு ஒன்றேகால் கப் தண்ணீரில் 3 விசில் போதும், அரைக்கக்கூட வேண்டாம், மத்தால் கடைந்தாலே மசிந்துவிடும். நறநறப்பு என்ற பேச்சே இல்லை. ஆனால் வேறொரு கோளாறு: தண்ணீர் முழுவதையும் குடித்துவிடுவதால் வடிக்க முடியாது, சூட்டில் நீர்த்து நிற்கும், ஆறினால் கூழ் போல உறையும். கோகோவும் இதோடு ஒட்டுவதில்லை. வெல்லம், ஏலக்காய், கெட்டித் தேங்காய்ப்பால் சேர்த்தால் பாயச வாடையில் அருமையாக இருக்கும். பெரியவர்களுக்கு அதையே செய்து வெதுவெதுப்பாகக் கொடுக்கலாம்.

பொட்டுக்கடலையை அரைத்துச் செய்கிறவர்களும் உண்டு. அவசரத்துக்குச் சரி. மாவைச் சலித்தாலும் நாக்கில் பொடி தட்டும், நேரம் ஆக ஆக ஈரத்தை உறிஞ்சி இறுகிக்கொண்டே போகும். ராஜ்மா எடுத்தால் நன்றாக ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டுக் குக்கரில் முழுதாக வேகவைக்க வேண்டும். ஸ்லோ குக்கரில் அரைவேக்காடாக விட்டால் வாந்தி, வயிற்றுப்போக்கு வரும் அளவுக்கு அதில் நச்சுப்பொருள் தங்கிவிடும்.

கடலைப்பருப்பு டிப் காற்றுப் புகாத டப்பாவில், ஃப்ரிட்ஜில் 4 நாள் தாங்கும். தேங்காய்ப்பால் சேர்த்தது இரண்டு நாளைத் தாண்டினால் புளிப்பு வாடை வரலாம். ஃப்ரீசரில் வைப்பதில் எனக்குப் பழக்கம் குறைவு. ஒரு வாரத்துக்கு வேண்டுமென்றால் வெந்த பருப்பை மட்டும் அளந்து உறையவைத்து, வேண்டியபோது சூடாக்கி அரைப்பதையே சொல்வேன்.