வாட்ஸ்ஆப் குரூப் ரிவ்யூ: நண்பர்களைச் சேர்க்கிறதா, பிரிக்கிறதா?

கல்லூரி முடித்தவர் யாருடைய போனை வாங்கிப் பார்த்தாலும் ஒரு பேட்ச் குரூப் இருக்கும். 'மெக் பாய்ஸ்', 'சி செக்‌ஷன்', ஹாஸ்டல் ரூம் நம்பர் என்று பெயர் எதுவாகவும் இருக்கலாம். இந்த ரிவ்யூ அதைப் பற்றித்தான். ஆஃபீஸ் குரூப், அபார்ட்மென்ட் குரூப், சொந்தக்காரர்கள் குரூப் எல்லாம் வேறு கணக்கு, அவற்றை இங்கே எடுக்கவில்லை. வாட்ஸ்ஆப்பில் குரூப் வசதி வந்தது 2011-இல், நாங்கள் கல்லூரியை விட்டு வெளியே வந்ததும் அதே சமயத்தில்தான், ஆகவே எங்கள் நட்பின் பிற்பாதி முழுக்க இதற்குள்தான் நடந்திருக்கிறது. என் முடிவை இப்போதே சொல்லிவிடுகிறேன். நம் கூட்டத்தில் யார் யார் என்று ஒரு பட்டியலைக் காப்பாற்றி வைக்க இதைவிட நல்லது எதுவும் கிடையாது. நெருக்கத்தை வளர்ப்பதில் சுமார்தான், சில நேரம் கெடுக்கவும் செய்கிறது.

நல்லதை முதலில் பேசுவோம். எங்கள் பேட்ச்சில் ஒருவனுடைய அம்மாவுக்கு மதுரையில் அவசர அறுவை சிகிச்சை. ஓ நெகட்டிவ் ரத்தம் வேண்டும் என்று ராத்திரி நேரத்தில் குரூப்பில் போட்டான். படிக்கும் காலத்தில் அவனோடு நாலு வார்த்தை கூடப் பேசியிராத ஒருத்தி, தன் தம்பியை உடனே ஆஸ்பத்திரிக்கு அனுப்பி வைத்தாள். இன்னொருவனுடைய அப்பா இறந்த செய்தி இதில் வந்ததால்தான் பக்கத்து ஊர்களில் இருந்தவர்கள் எடுப்பதற்கு முன்னால் போய்ச் சேர முடிந்தது. குரூப் இல்லாவிட்டால் இதெல்லாம் எங்களுக்குத் தெரியவே மூன்று மாதம் ஆகியிருக்கும். இந்த ஒரு காரணத்துக்காகவே, எவ்வளவு குட் மார்னிங் படம் வந்தாலும் நான் பேட்ச் குரூப்பை விட்டு வெளியேற மாட்டேன்.

ஆனால் அறுபது எழுபது பேர் இருக்கிற இடத்தில் யாரும் மனசு விட்டுப் பேசுவதில்லை. புது வேலை, கிரகப்பிரவேசம், குழந்தைக்கு மொட்டை, இதெல்லாம் வரும், வாழ்த்து குவியும். வேலை போனவன் அங்கே சொல்ல மாட்டான். ஒரு குரூப்பின் உச்சவரம்பு 2014-இல் 100 பேர், 2016-இல் 256, 2022-இல் முதலில் 512, பிறகு 1024 என்று ஏறிக்கொண்டே போனது. மனுஷனுடைய மனசின் கொள்ளளவு அதோடு சேர்ந்து ஏறவில்லை. மனிதக் கூட்டங்களின் அளவை நெடுநாளாக ஆராய்ந்துவரும் ஆக்ஸ்ஃபோர்டு பேராசிரியர் ராபின் டன்பார், ஒருவரால் அர்த்தத்தோடு பேண முடிகிற உறவுகள் ஏறக்குறைய 150 என்கிறார், அதற்கு உள்ளே 50, 15, 5 என்று வளையங்கள் சுருங்கிக்கொண்டே போகும். சமூக வலைத்தளங்கள் வந்த பிறகு இது விரிந்திருக்கிறதா என்று பிரிட்டனில் ஃபேஸ்புக் பயன்படுத்துபவர்களிடம் கேட்டுப் பார்த்து 2016-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார், பெரிதாக விரியவில்லை என்பதுதான் அதில் கிடைத்த பதில். ஒரு நெருக்கடி என்றால் இவர்களிடம் போவேன் என்று ஆட்கள் சொன்ன எண்ணிக்கை சராசரியாக நாலு பேர்தான். எங்கள் குரூப்பில் யோசித்துப் பார்த்தால் எனக்கும் அந்தக் கணக்கு சரியாகத்தான் வருகிறது.

அந்த நாலைந்து பேர் பேசுவது எங்கே என்றால், பேட்ச் குரூப்புக்கு வெளியே தனியாக வைத்துக்கொள்கிற சின்ன உள்குரூப்பில். இந்த ரிவ்யூவை எழுத உட்கார்ந்ததே இதைச் சொல்லத்தான்.

ஒன்பது பேர் கூட்டம் ஒன்றில் ஒருவனுக்குப் பிறந்தநாள் வருகிறது, இல்லை கல்யாணம். அவனுக்குத் தெரியாமல் ஏதாவது செய்ய வேண்டும் என்று அவனை மட்டும் விட்டுவிட்டு மீதி எட்டுப் பேரை வைத்து ஒரு சர்ப்ரைஸ் குரூப் தொடங்குவார்கள். முழுக்க முழுக்கப் பாசத்தில் தொடங்குவதுதான். பணம் சேரும், கேக் ஆர்டர் ஆகும், அன்றைக்கு ராத்திரி கொண்டாட்டமும் நடக்கும். அதோடு அந்தக் குரூப் முடிவதில்லை. போட்டோக்களை எல்லாரும் அதிலேயே போடுவார்கள், போட்டோவுக்குக் கீழே பேச்சு ஓடும், அடுத்த வாரம் யாராவது 'சண்டே ஃப்ரீயா மச்சி' என்று கேட்பதும் அதில்தான், ஏனென்றால் கடைசியாகப் பேசிய குரூப்தானே போனில் மேலே நிற்கும், அதைத்தான் விரல் முதலில் தொடும். ஆறு மாதத்தில் எட்டுப் பேரும் உண்மையாகப் பேசுகிற இடம் அதுவாகிவிடுகிறது. யாருக்காகத் தொடங்கினார்களோ அவன் மட்டும் உள்ளே இல்லை. யாரும் அவனை ஒதுக்கவில்லை, அவன் மேல் யாருக்கும் கோபமும் கிடையாது. பழைய குரூப்பில் சத்தம் குறைந்துவிட்டது என்று மட்டும் அவனுக்குத் தெரிகிறது, எல்லாருக்கும் குழந்தை குட்டி என்று ஆகிவிட்டது, பிஸி போல என்று நினைத்துக்கொள்கிறான், அப்புறம் ஒரு நாள் எவனோ ஒருவனின் ஸ்டேட்டஸில் எட்டுப் பேரும் ஏற்காட்டில் நிற்கிற போட்டோவைப் பார்க்கிறான். எங்கள் கூட்டத்தில் அப்படியேதான் நடந்தது. அவன் சண்டை போடவில்லை, லைக் போட்டான். எனக்கு அதுதான் மிகவும் வலித்தது.

காரியம் முடிந்ததும் குரூப்பைக் கலைத்தால் என்ன என்று கேட்கலாம். எல்லாருக்குமாக ஒரு குரூப்பை மூட வேண்டும் என்றால் அட்மின் ஒவ்வொருவரையும் ரிமூவ் செய்துவிட்டுக் கடைசியில் தானும் வெளியேற வேண்டும். நண்பனை ரிமூவ் செய்ய யாருக்குக் கை வரும்? இன்னார் உங்களை நீக்கினார் என்று அவன் போனில் வேறு ஒரு வரி நிற்கும். அதனால் யாரும் கலைப்பதில்லை, எல்லாச் சர்ப்ரைஸ் குரூப்பும் அப்படியே உயிரோடு கிடக்கிறது. அந்த மனுஷனையே உள்ளே சேர்த்துவிடலாமே என்றால், அதிலும் ஒரு தயக்கம், தன்னை விட்டுவிட்டு இத்தனை மாதம் பேசியிருக்கிறார்கள் என்று அப்போது தெரிந்துவிடுமே.

முன்பு இந்தக் கோடு இவ்வளவு அழுத்தமாக இருந்ததில்லை. டீக்கடை பெஞ்சில் அன்றைக்கு யார் வந்தார்களோ அவர்கள்தான் கூட்டம், வராதவன் நாளைக்கு வருவான், அதற்கு அட்மின் கிடையாது. இணையத்திலும் ஆரம்பத்தில் கொஞ்சம் அப்படித்தான் இருந்தது. கூகுள் 2004-இல் தொடங்கி 2014-இல் மூடிய ஆர்குட் என்ற சமூக வலைத்தளத்தில் ஒரு கம்யூனிட்டியைத் தேடிப் போய் நாமாகத்தான் சேர்வோம், ஒருவர் மற்றவருடைய பக்கத்தில் எழுதிய குறிப்பை, அதாவது ஸ்க்ராப்பைப் படித்துவிட்டு இடையில் புகுந்து பேசவும் முடிந்தது. இங்கே இன்னொருவர் நம்மைச் சேர்க்க வேண்டும், சேர்க்காவிட்டால் அப்படி ஒன்று இருப்பதே தெரியாது. நட்பில் 'பாதி உள்ளே பாதி வெளியே' என்று ஒரு நிலை உண்டு, வருஷத்துக்கு இரண்டு முறை பேசினாலும் நண்பன் நண்பன்தான். குரூப்பில் அந்தப் பாதிக்கு இடம் கிடையாது, உள்ளே, இல்லையென்றால் வெளியே.

பெண்களின் அனுபவம் தனி. பேட்ச் குரூப்பில் ஒருவரைச் சேர்த்த உடனே அவருடைய நம்பர் எல்லாருக்கும் தெரிந்துவிடுகிறது, படிக்கும்போது நம்பர் கொடுக்க விரும்பாத ஆளுக்கும் சேர்த்துத்தான். எங்கள் பேட்ச் பெண்கள் பலர் கல்யாணத்துக்குப் பிறகு நம்பர் மாறியதும் திரும்பி வரவில்லை, தங்களுக்குள் தனிக் குரூப் வைத்துக்கொண்டார்கள், அதில் எந்தத் தப்பும் இல்லை. யார் நம்மைக் குரூப்பில் சேர்க்கலாம் என்று நாமே முடிவு செய்யும் செட்டிங் 2019-இல்தான் வந்தது. இன்னும் எத்தனையோ பேர் அதைத் தொட்டே பார்த்ததில்லை. இதைப் படிப்பவர்கள் இன்றைக்கே போய் 'எல்லோரும்' என்று இருந்தால் மாற்றிவிடுங்கள்.

ப்ளூ டிக் விஷயமும் அப்படித்தான். தனி உரையாடலில் அதை அணைத்து வைக்கலாம். குரூப்பில் முடியாது, யார் யார் படித்தார்கள் என்று பெயர் பெயராகப் பார்க்கலாம். ஒருவன் கஷ்டப்பட்டு எழுதிய ஒரு நீண்ட செய்தியை நாற்பது பேர் படித்துவிட்டு ஒருவரும் பதில் போடாமல் போனால், அந்தப் பட்டியலைத் திறந்து பார்ப்பது நல்ல அனுபவம் இல்லை. சத்தமில்லாமல் வெளியேறும் வசதியை 2022-இல் கொடுத்தார்கள், இப்போது அட்மின்களுக்கு மட்டும்தான் தகவல் போகும், ஆனால் சமீபத்தில் வெளியேறியவர்கள் பட்டியலை 60 நாள் வரை உள்ளே இருப்பவர்கள் பார்க்க முடியும். பரவாயில்லை, முன்பு இருந்ததற்கு இது எவ்வளவோ மேல்.

எனக்கு உண்மையாகவே பிடித்த வசதி வாய்ஸ் சாட். 2023-இல் பெரிய குரூப்புகளுக்கு மட்டும் வந்தது, 2025-இல் எல்லாக் குரூப்புகளுக்கும் வந்துவிட்டது. யாருடைய போனும் அலறாது, ஒருவன் தொடங்கிவிட்டு உட்கார்ந்திருப்பான், நேரம் இருக்கிறவர்கள் உள்ளே வந்து பேசிவிட்டுப் போகலாம். இங்கே ஞாயிறு காலை, டொரோன்டோவில் இருப்பவனுக்குச் சனி இரவு. அவன் பாத்திரம் கழுவிக்கொண்டே பேசுவான், நாங்கள் இட்லி சாப்பிட்டுக்கொண்டே பேசுவோம், பெரிதாக ஒரு விஷயமும் இருக்காது. டைப் அடித்துப் பேசிய வருஷங்களில் தெரியாதது எல்லாம் இதில்தான் தெரிந்தது, ஒருவனுக்குச் சர்க்கரை வந்திருப்பது, இன்னொருவன் ஊருக்கே திரும்பிவிட யோசிப்பது. துபாயில் இருக்கிற இருவருக்கு மட்டும் இது கிடைப்பதில்லை, அமீரகத்தில் வாட்ஸ்ஆப் அழைப்புகளுக்கு நெடுங்காலமாகவே தடை. அதற்காக எல்லாரும் அங்கே அனுமதி உள்ள போட்டிம் (Botim) என்ற அழைப்பு ஆப்பை இறக்கிவைத்து மாதம் ஒரு தடவை அதில் பேசுகிறோம், கொஞ்சம் தொல்லைதான், ஆனால் அந்த இருவரும் எங்கள் பேச்சிலிருந்து நழுவிப் போகாமல் இருப்பது அதனால்தான்.

மதிப்பெண் போட வேண்டும் என்றால், செய்தி சேர்ப்பதற்கு 5-க்கு 5, உதவி திரட்ட 5-க்கு 5, நெருக்கத்துக்கு 5-க்கு 2, வாய்ஸ் சாட்டைப் பயன்படுத்தினால் 3 வரை போகலாம். இப்போது கல்லூரி முடித்து வெளியே வருகிறவர்கள் பேட்ச் குரூப்பை ஒன்றோடு நிறுத்திக்கொள்ளுங்கள், அட்மினாக நாலு பேரைப் போடுங்கள், அதில் இரண்டு பேர் பெண்களாக இருக்கட்டும். சர்ப்ரைஸ் குரூப் தொடங்கினால் பெயரிலேயே தேதியைப் போட்டுவிடுங்கள், அந்தத் தேதி தாண்டியதும் எல்லாரும் தாங்களாகவே வெளியேறிவிடுவது என்று முதல் நாளே பேசிவைத்தால் யாரும் யாரையும் நீக்க வேண்டியிருக்காது. போட்டோக்களை அவனும் இருக்கிற குரூப்பில் போடுங்கள்.