முதல் நாள் வருபவருக்கு ஒரு துணை: அணிச் சேர்க்கைச் செயலி குறித்து

எங்கள் கைப்பந்து அணிக்குப் புதிய வீரர்களைச் சேர்க்கும் பணியை, அதற்கென்றே வடிவமைக்கப்பட்ட ஒரு செயலியின் வழியே ஒரு பருவம் முழுவதும் செய்து பார்த்தோம். அதற்கு முன்பு எல்லாம் வாட்ஸ்அப் குழுவில்தான் நடந்தது. பயிற்சி நேரம் மாறிய செய்தி பிறந்தநாள் வாழ்த்துகளுக்கு அடியில் புதைந்துபோக, முந்தைய நாள்தான் சேர்ந்த ஒருவர் பூட்டிய மைதானத்தின் வாயிலில் காத்து நின்றுவிட்டுத் திரும்பிச் சென்றதும் உண்டு. அவர் மறுபடி வரவே இல்லை.

இந்தச் செயலியில் என்னை மிகவும் கவர்ந்தது 'துணைவர்' என்னும் ஏற்பாடு. புதியவர் ஒருவர் பயிற்சிக்கு வருவதாகக் குறித்ததும், அணியின் பழைய வீரர் ஒருவருக்கு அவருடைய பெயரும் வரும் நேரமும் அனுப்பப்படுகின்றன. வாயிலில் எதிர்கொண்டு அழைத்து வருவதும் மற்றவர்களுக்கு அறிமுகப்படுத்துவதும் அந்தத் துணைவரின் பொறுப்பு. பள்ளி நாள்களுக்குப் பிறகு பந்தையே தொடாத ஒருவர், யாரிடம் போய் நிற்பது என்ற கூச்சத்தாலேயே பல மாதங்கள் தள்ளிப்போட்டதாகவும், தமக்காக ஒருவர் காத்திருக்கிறார் என்று திரையில் கண்ட பிறகே கிளம்பியதாகவும் என்னிடம் கூறினார். ஓர் அணியில் சேர்வதன் உண்மையான தடை எதுவென்று இதை வடிவமைத்தவர்கள் நன்றாகவே புரிந்துகொண்டிருக்கிறார்கள்.

அந்தப் புரிதல் பதிவுப் படிவத்தில் காணப்படவில்லை. ஒருநாள் வந்து பார்க்க விரும்புபவரிடம் அவசரத் தொடர்பு எண்ணைக் கேட்பது நியாயம்; இரத்த வகை, பழைய காயங்கள், சீருடை அளவு என நான்கு திரைகளை நிரப்பிய பிறகே பயிற்சி நேரத்தைக் காட்டுவது நியாயமன்று. எல்லாருடைய கைபேசி எண்ணும் அணி முழுவதற்கும் தெரியும்படி தொடக்கத்திலேயே அமைத்திருப்பது அதைவிடக் கவலைக்குரியது. இளம் வீரர்கள் உள்ள அணிகள் முதல் வேலையாக அதை மாற்றிவிட வேண்டும்.

அணியில் ஒருவர் எந்த நிலையில் ஆடுகிறார் என்பதைத் தேர்ந்தெடுக்கும் பட்டியல் கால்பந்தை மனத்தில் வைத்து எழுதப்பட்டதுபோல் இருக்கிறது. 1998 முதல் சர்வதேசக் கைப்பந்தில் இருந்துவரும் லிபரோவுக்கு அதில் இடமே இல்லை. வலையருகே எழும்பி எதிரணியின் அடியைத் தடுக்கக் கூடாத அந்தத் தற்காப்பு வீரர் மற்றவர்களிடமிருந்து வேறுபட்ட நிறத்தில் சட்டை அணிய வேண்டும் என்பது விதி. செயலி அனுப்பிய சீருடைப் பட்டியலை நம்பியதால், எங்கள் புதிய லிபரோவுக்கும் மற்றவர்களுடைய நிறத்திலேயே சட்டை வந்து சேர்ந்தது.

வருகையைப் பச்சை, சிவப்புப் புள்ளிகளால் மட்டும் காட்டுவதும் பிழையே. நிறத்தை மட்டுமே நம்பித் தகவல் சொல்லக் கூடாதென்று நிறங்களைப் பிரித்தறிய இயலாதவர்கள் உள்ளிட்ட எல்லாரும் இணையதளங்களைப் பயன்படுத்தும்படி வகுக்கப்பட்ட இணைய அணுகல்தன்மை வழிகாட்டி 1999-ஆம் ஆண்டின் முதல் பதிப்பிலேயே கூறியிருக்கிறது. புள்ளிக்குப் பக்கத்தில் 'வருகிறார்' என்ற ஒரு சொல் இருந்தாலே போதும். நாள்காட்டி இணைப்பு குறையின்றி இயங்குகிறது.

துணைவர் ஏற்பாட்டுக்காகவே அடுத்த பருவத்துக்கும் இதைத் தொடர்கிறோம். படிவத்தின் முதல் திரையை நிரப்பியதும் பயிற்சி நேரத்தை நானே தொலைபேசியில் சொல்லிவிடுகிறேன். மீதி மூன்று திரைகளை முதல் பயிற்சி முடிந்த பிறகு துணைவர் உடனமர்ந்து நிரப்ப உதவுகிறார்.